ஓர் ஆழாக்கு உப்பு

மே 4, ஞாயிறு

எட்டு மணிக்கே வெயில். கரண்ட் இல்லை. ஷீட் கூரை வெடிக்கிற சத்தம்.

அம்மா போனுக்கு ஊறுகாய்க்கார மேடத்தின் மெசேஜ். தெலுங்கில். அம்மாவுக்குப் படிக்க வராது, நான்தான் படித்துச் சொன்னேன். இந்த வருஷம் மாங்காயை வெட்டித் துண்டாக அனுப்பினால் போதுமாம். கலப்பது திருப்பதியில், அவர் வீட்டிலேயே. "தப்பாக எடுத்துக்கொள்ளாதே மல்லிகா, ஊறுகாய்க்குக் கை ஒத்துவர வேண்டும், எல்லார் கையும் ஒத்துவராது."

அம்மா இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். சரி என்று எழுதச் சொன்னாள். எழுதவில்லை.

மூன்று வருஷம் இந்தக் கைதான் கலந்தது. ஐதராபாத், பெங்களூரு எல்லாம் போனது. பாட்டில் லேபிளில் மேடம் பட்டுப்புடவையில் கரண்டியோடு நிற்கிற போட்டோ, "எங்கள் குடும்பக் கைப்பக்குவம்" என்று. அவர் ஒரு ஜாடி கலந்து நான் பார்த்ததில்லை. பேங்க் வேலையை விட்டு வந்து தொடங்கிய வியாபாரம். "அவங்களுக்கு ஊறுகா துன்னத் தெரியும்" என்பாள் அம்மா.

போன வருஷம் இரண்டு டிரம் பூசணம் பூத்தது. வாங்கியவர்கள் போட்டோ அனுப்பினார்கள். அதிலிருந்து மேடம் பேச்சில் கை, கை. பிச்சாட்டூர்க் காலனியில் இருக்கிற கை என்பதுதான் அதன் அர்த்தம். அந்த வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டார். படித்தவர்.

கை கெடுக்காது. கெடுத்தது வேறு ஏதோ ஒன்று. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், இதையாவது கண்டுபிடிக்கிறேன்.

போன வருஷம் யார் என்ன செய்தார்கள்:
மாங்காய், எண்ணெய், மிளகாய்த்தூள், கடுகு, உப்பு மூட்டை – மேடம் அனுப்பியது.
வெட்டுவது, கலப்பது – அம்மா.
கடுகு, உப்பு – நான்.

என் சந்தேகம் உப்பு. வந்த மூட்டையில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருந்தது. ஊறுகாய்க்கு அயோடின் ஆகாது என்று யூடியூபில் பத்துப் பேர் சொல்கிறார்கள். அப்படியானால் தப்பு மேடத்துடையது.

மே 6, செவ்வாய்

அயோடின் போடாத உப்பு தேடிப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மளிகைக்கடை. மனுஷருக்கு அதை விற்கக் கூடாது, மாட்டுக்கென்றால் தரலாம் என்றார் கடைக்காரர்.

மாட்டுக்குத்தான் என்றேன்.

"எத்தினி மாடு?"

"மூணு."

"உங்கூட்ல கோழியே கெடையாதேமே."

சிரித்துக்கொண்டே இரண்டு கிலோ அளந்து போட்டார். தூத்துக்குடிக் கல்லுப்பு. கொஞ்சம் அழுக்கு நிறம். அதே கடையில் அயோடின் போட்ட கல்லுப்பு ஒரு பாக்கெட், தூளுப்பு ஒரு பாக்கெட்.

அயோடின் இல்லாததை மாட்டுக்கு என்று சொல்லி வாங்கி மனுஷர் தின்கிறோம். சட்டம் போட்டவன் ஊறுகாய் போட்டிருக்க மாட்டான்.

மேடத்துக்கு அம்மாவே போன் செய்து சரி என்று சொல்லிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. வெட்டுகிற கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறாள்.

மே 9, வெள்ளி

மூன்று கண்ணாடி டம்ளர். ஒவ்வொன்றிலும் தண்ணீர், ஒரே எடையாக இருக்கட்டும் என்று கடைத் தராசில் நிறுத்துக் கொண்டுவந்த உப்பு.

தூளுப்பு – தண்ணீர் கலங்கல், பால் ஊற்றிய மாதிரி. கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கிற பவுடர். அதைப் பாக்கெட்டிலேயே எழுதியிருக்கிறான்.
அயோடின் கல்லுப்பு – தெளிவு.
மாட்டு உப்பு – தெளிவு, அடியில் மண்.

நைனா சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் பேக்டரியில் லோடு இறக்கப் போகிறார். சீசன் முடிகிறவரை வாரம் ஒரு நாள்தான் வீடு. இன்று வந்தார். டம்ளர்களைப் பார்த்துவிட்டு எதைக் குடிக்க வேண்டும் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். மேடத்தைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"எங்க பேக்டரில எல்லார் கைக்கும் கிளவுசு. எந்தக் கை யாருதுன்னு எவனுக்கும் தெரியாது. அமெரிக்காக்காரன் வரைக்கும் துன்னுகினு கீறான்" என்றார்.

சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். தோள் முழுக்க மாங்காய்ப் பால் பட்ட புண்.

மே 10, சனி

இன்று மூன்று சின்ன பாட்டில் போட்டேன். மாங்காய், தூள், எண்ணெய் எல்லாம் ஒரே அளவு. உப்பு மட்டும் வேறு.

1 – தூளுப்பு, அயோடின்.
2 – கல்லுப்பு, அயோடின், கல்லாகவே. போன வருஷம் மேடம் அனுப்பிய ரகம்.
3 – மாட்டு உப்பு. கழுவி, காயவைத்து, இடித்தது.

அம்மாவின் கணக்குதான்: துண்டு ஆறு ஆழாக்கு, உப்பு ஒன்று, மிளகாய்த்தூள் ஒன்று, கடுகுத்தூள் ஒன்று. இது சின்ன பாட்டில் என்பதால் ஆழாக்குக்குப் பதில் மருந்து மூடியால் அளந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். கடுகு இன்னும் காயணும் என்றாள். உள்ளே போய்விட்டாள்.

பி.எட். நுழைவுத் தேர்வுக் கோச்சிங் பணம் கட்டக் கடைசி நாள் போய்விட்டது. போகட்டும்.

மே 15, வியாழன்

நாராயணவனம் கோயில் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா, மடியில் பெரிய ஜாடி. தலைக்கு ஊற்றிக்கொண்ட பொம்பளைதான் ஜாடியைத் தொட வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். தப்பித் தொட்டால் பூசணமாம். டிரைவர் பிரேக் போட்டபோது ஜாடியை நான்தான் பிடித்தேன். தீட்டு மூன்றாம் நாள் எனக்கு. சொல்லவில்லை. அந்த ஜாடி என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள ஆசை.

பாட்டில் மூன்றும் நன்றாக இருக்கின்றன.

மே 20, செவ்வாய்

பாட்டில் 2-ல் மேலே வெள்ளை ஆடை. மோந்து பார்த்தேன். கள் வாசனை.

1 நன்றாக இருக்கிறது. நிறம் லேசாகக் கருத்திருக்கிறது, அவ்வளவுதான். 3 நன்றாக இருக்கிறது.

1-லும் அயோடின். 2-லும் அயோடின். ஒன்று கெட்டது, ஒன்று கெடவில்லை. அப்படியானால் அயோடின் காரணம் இல்லை.

எனக்கு ஏமாற்றம். எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது, நான் உப்பைத் தேடவில்லை. மேடம் பண்ணிய தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

2-க்கும் மற்ற இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அது கல். மற்றவை தூள்.

மே 21, புதன்

அம்மாவின் ஆழாக்கை எடுத்துக்கொண்டு மளிகைக்கடை. ஒரு பக்கம் நசுங்கின பித்தளை. கடைத் தராசில் வைத்து நிறுக்கச் சொன்னேன்.

இடித்த உப்பு, தலை தட்டி ஒரு ஆழாக்கு – 204 கி.
கல்லுப்பு, தலை தட்டி ஒரு ஆழாக்கு – 146 கி.

இரண்டு தடவை நிறுத்தேன். கடைக்காரர், "மாடுங்களுக்கு நிறுத்துதான் போடுவியா" என்றார்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்று. ஆழாக்கு நிறைந்த மாதிரி இருக்கும், உப்பு குறைவு. மூட்டை ஈரம் என்றால் இன்னும் குறைவு. போதாததற்குக் கல் எண்ணெயில் கரையாமல் அடிக்குப் போய்விடும். மேல் துண்டுகளுக்கு உப்பே சேராது. பூசணம் மேலிருந்துதான் வந்தது.

அம்மா ஒவ்வொரு வருஷமும் உப்பை ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, உரலில் இடித்து, சலித்து, அதன் பிறகுதான் ஆழாக்கைத் தொடுவாள்.

போன வருஷம் உப்பு என் பொறுப்பு.

இரண்டு நாள் மேகமூட்டம். மூட்டை ஈரம். மூன்றாம் செம் ரீவேல்யூவேஷன் ரிசல்ட் அன்றைக்குத்தான். போனைப் பார்த்துக்கொண்டே கடைசி இரண்டு டிரம்முக்கு மூட்டையிலிருந்து அப்படியே அளந்து கொட்டினேன். காயவைக்கவில்லை. இடிக்கவில்லை. கல்லாக இருந்தால் என்ன, ஊறினால் கரையாதா என்று நினைத்தது ஞாபகம் வருகிறது. கெமிஸ்ட்ரி.

இந்த ஞாபகம் இத்தனை நாள் எங்கே இருந்தது? ஒரு வருஷமாக மேடத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுகிற சத்தத்தில் இது கேட்கவில்லை.

மாலை அம்மாவிடம் சொன்னேன். மாங்காய்க் கத்திக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எத்தினி டிரம்மு?"

"ரெண்டு."

"என் கை இன்னா ஆச்சின்னு நான் வருசம் பூரா பார்த்துகினு கீறேன்டி."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். தைல வாசனையா, சோப்பா, வயசா என்று. எண்ணெய் துணியைத் தூக்கி என் மேல் எறிந்தாள். முகத்தில் பட்டது. பிறகு சோறு போட்டாள். பேசவில்லை.

மே 22, வியாழன்

அம்மா இன்றும் பேசவில்லை. உப்பு கழுவிக் காயவைத்தேன். முறத்தில் மெலிசாகப் பரப்பி, ஷீட் மேல். காக்கா வராமல் கறுப்புத் துணி.

மே 24, சனி

இடித்தேன். உள்ளங்கை இரண்டு இடத்தில் கொப்புளம். சலித்தேன்.

அம்மா வந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். இன்னும் இடி என்றாள். மூன்று நாளில் முதல் பேச்சு.

பத்துக் காய் வெட்டி ஒரு ஜாடி கலந்தாள். முழங்கை வரைக்கும் சிவப்பு. ஜாடிக்கு மாற்றிய பிறகு பேசினில் ஒட்டியிருந்த மசாலாவில் சுடுசோற்றைக் கொட்டிப் பிசைந்தாள். கலந்தவர்களுக்கு அந்தப் பேசின் சோறு, அதுதான் வழக்கம். ஆளுக்கு மூன்று உருண்டை. மூக்கில் தண்ணீர் வந்தது. மேடம் வீட்டில் கலந்தால் அந்தப் பேசினைக் கழுவி ஊற்றிவிடுவார்கள் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை ஜாடியோடு திருப்பதி போகலாம், மேடத்திடம் நானே உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லு" என்றாள்.

மே 27, செவ்வாய்

7.10 பஸ். புத்தூர் வரைக்கும் நின்றுகொண்டு. ஜாடி அம்மா இடுப்பில்.

மேடம் வீடு மாடி. ஹாலில் நாற்காலி போட்டார், காபி கொடுத்தார். கப் எங்களுக்குத் தனி, பூ போட்டது. மூன்று வருஷமாக அதே இரண்டு கப்.

ஜாடியைத் திறந்து ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்டார். தயங்கவே இல்லை. கண்ணை மூடினார். இதுதான், இந்த ருசிதான் என்றார் தெலுங்கில். அம்மா முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி.

நான் சொன்னேன். உப்பை இடிக்காமல் போட்டது நான், தப்பு என்னுடையது, அம்மா கை இல்லை. சுருக்கமாகத்தான் சொன்னேன். ஆழாக்கு, தராசு பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், அவர் கேட்கவில்லை.

கோபப்படவும் இல்லை. சிரித்தார். தமிழிலேயே சொன்னார், பொண்ணே என்பதை மட்டும் தெலுங்கில்:

"பரவால்ல அம்மாயி. உன் கையோ அவ கையோ, ரெண்டும் ஒரே வீட்டுக் கைதானே."

பிறகு ஏற்பாட்டைச் சொன்னார். கலப்பது இங்கேதான், அதில் மாற்றமில்லை. அவர் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள், அவள் கலப்பாள். துண்டு அம்மாவிடமிருந்து. இந்த ஜாடியின் அளவை மட்டும் மெசேஜில் அனுப்பிவிட வேண்டும். ஜாடியை உள்ளே கொண்டுபோகச் சொன்னார்.

கை வேண்டாம். கணக்கு வேண்டும்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் அம்மாவுக்கு. வடமாலபேட்டை தாண்டியது. நான் என் கோபத்தை எல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தக் கப், அந்தச் சிரிப்பு, அந்தச் சொந்தக்காரப் பெண். அளவு அனுப்ப மாட்டேன் என்றேன்.

"அனுப்பு. கேட்டாங்க இல்ல."

"ம்மா."

"கிராம்ல சொல்லாத. ஆழாக்குல சொல்லு."

முகம் ஜன்னல் பக்கம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மே 28, புதன்

மேகம். காற்று இல்லை.

காலை 9.20. மேடம்: அளவு?

9.35. நான்: துண்டு 6 ஆழாக்கு. மிளகாய்த்தூள் 1. கடுகுத்தூள் 1. உப்பு 1. எண்ணெய் மூழ்கும் வரை.

9.36. மேடம்: கும்பிடுகிற கை படம்.

அனுப்பியதில் ஒரு பொய் கிடையாது. எந்த உப்பு, கல்லா, தூளா, காய்ந்ததா என்று கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணி வரை பார்த்தேன். கேட்கவில்லை.

அம்மா கூப்பிடுகிறாள். எங்கள் வீட்டு ஜாடிக்கு உப்பு இடிக்க வேண்டும். மழை வரும்போல் இருக்கிறது, முறத்தை முதலில் உள்ளே எடுக்க வேண்டும்.