டென்னி சொன்ன நியூயார்க்

கிளீவ்லாந்து
அக்டோபர் 1988

அன்பு மகள் ரோசானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அலாஸ்காவில் இதற்குள் பனி விழத் தொடங்கியிருக்கும், வாசற்படியில் பார்த்துக் கால் வை. போனில் நான் சரியாகப் பேசவில்லை என்று நீ கோபித்துக்கொண்டாய், அப்பா கட்டில் போனுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது, அவர் காதில் விழக்கூடாத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன்.

வாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதிலிருந்து அப்பாவுக்கு வாய் திறந்தால் டென்னிதான். உன் தம்பியோ கோடையிலிருந்து போனே போடவில்லை, அவன் கொடுத்திருந்த நியூயார்க் எண்ணைச் சுற்றினால் இந்த இணைப்பு இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. ஓல்கா சித்தியை அப்பாவுக்குத் துணையாக வைத்துவிட்டு, நானே போய்க் கூட்டிட்டு வரேன் என்று சொல்லி பஸ் ஏறிவிட்டேன். உனக்குச் சொன்னால் அந்த வயிற்றோடு நீ கிளம்பி வருவாய் என்றுதான் சொல்லவில்லை. உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதிலேயே அவனுக்கு இந்த ஊர் ஆகாது. டிவியில் எவனாவது கிளீவ்லாந்தைக் கிண்டல் பண்ணினால், ஆலைக் கழிவெண்ணெயில் ஆறே தீப்பிடித்த ஊர் என்று சிரித்தால், இவன் முகம் சுருங்கிப் போகும். மக்கள்தொகைக் கணக்கு வந்த வருஷம் சாப்பாட்டு மேஜையில், அப்பா, நாம பதினெட்டாவது எடத்துக்கு எறங்கிட்டோம் என்றான், அப்பா கரண்டியை வைத்துவிட்டு, எங்கப்பா கப்பல்ல வந்து எறங்குனப்ப இது நாட்டுலயே அஞ்சாவது பெரிய ஊருடா, சிகாகோக்காரன்கூட இங்க வேலைக்கு வந்தான் என்றார், அப்ப உங்கப்பா ஏன் சிகாகோவிலேயே எறங்கல என்று இவன் கேட்டான். நியூயார்க்குக்குப் போன பிறகு அவன் பேச்சில் அந்த ஊர்தான், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை, ஜன்னலைத் திறந்தால் பாலம் தெரியும், இங்க ஜெயிச்சவன்தான் ஜெயிச்சவன் என்பான்.

நியூயார்க்கில் ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம்தான் தெரிகிறது ரோசான். அவன் கொடுத்திருந்த முகவரியில் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள், மால்டாக்காரராம், என்னைப் பார்த்ததும், ஏம்மா நடுவழியில பெட்டிய வெச்சுக்கிட்டு நிக்கிற, இது என்ன உங்க வீட்டுக் கொல்லையா என்று கத்தினார். நான் அழுதுவிட்டேன். கத்திக்கொண்டேதான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மனைவியிடம் எனக்கு சூப் கொடுக்கச் சொன்னார். டென்னி போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறதாம். லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ட்டாம்மா, உன்கிட்ட சொல்லலையா அவன், சொல்லிட்டுப் போறதுக்கு என்ன கேடு என்று எனக்காக அவர் கோபப்பட்டார். இங்கே அவன் ஓட்டலில் தட்டு கழுவிக்கொண்டிருந்தானாம். அதே ஓட்டலில் வேலை செய்யும் ஒரு பையனைத் தேடிப் பிடித்து டென்னி இருக்கும் இடத்தைக் கேட்டு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அப்படியானால் போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு, அம்மா இங்க முழங்கால் அளவுக்குப் பனி என்று போனில் சொன்னானே, அதை எங்கே நின்றுகொண்டு சொன்னான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் போக சிகாகோவில் பஸ் மாற வேண்டியிருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு சிகாகோக்காரப் பெண்மணி எந்த ஊர் என்று கேட்டு, கிளீவ்லாந்து என்றதும், அய்யோ பாவம் என்றாள், யாரோ செத்துப்போன மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிறகு அவளே, கவலப்படாத, நியூயார்க்காரனுக்கு நாங்களும் பாவம்தான், எங்களத் தாண்டி இப்ப லாஸ் ஏஞ்சல்ஸ்காரன் ரெண்டாவது ஊருங்கிறான், ரோட்டுல நடக்க ஒரு மனுசன் இல்லாத ஊரு என்று தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

அவள் சொன்னது உண்மைதான். லாஸ் ஏஞ்சல்ஸில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நல்ல நாளாக அமையட்டும் என்கிறார்கள், ஒருவரும் நிற்பதில்லை. வெயிலில் மால்டாக்காரர் எழுதிக் கொடுத்த டோனட் கடையைத் தேடி நடந்து நடந்து காலில் கொப்புளம். கடை நடத்துகிறவள் சொபீப் என்று ஒரு கம்போடியப் பெண், உன் வயதுதான் இருக்கும். நான் டென்னியின் அம்மா என்றதும் அடுப்பை அணைத்துவிட்டாள். கடைக்குப் பின்னால் ஒரு பழைய காரில்தான் அவன் படுக்கிறானாம். காலைல நான் பாக்காத மாதிரி காப்பிய வெச்சிட்டு வந்துருவேன், அவரும் நான் வெச்சத பாக்காத மாதிரி குடிச்சிருவாரு என்றாள்.

என்னைக் கண்டதும் அவன் முதலில் செய்தது சட்டைப் பொத்தானைப் போட்டதுதான். இளைத்துப் போயிருக்கிறான். குடிப்பழக்கம் எதுவும் இல்லை, நான் மோந்து பார்த்தேன். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். வாடா கண்ணு, உன் கட்டில் அப்படியே கெடக்கு என்றேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வரட்டும்மா, பஸ்ஸ விட்டு எறங்கினதும் தெருவே கேக்குமே, நியூயார்க் எப்படிடா இருக்குன்னு, இந்த ஊர்லதாம்மா யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க என்றான். கெஞ்சினேன், திட்டினேன், கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தேன். ஆறடி மனிதனை நான் எங்கே இழுப்பது. பஸ் நிலையத்துக்கு அந்தக் காரிலேயே கொண்டுபோய் விட்டான். பின் சீட்டில் தலையணையும் பல் துலக்கும் பிரஷ்ஷும் கிடக்க, அவன் வழியெல்லாம் அங்க பாரும்மா மலைய, இந்தப் பக்கம் போனா கடல், இன்னும் பத்து வருஷத்துல நியூயார்க்கே இதுக்குப் பின்னாடிதான் என்று காட்டிக்கொண்டே வந்தான். நானும் ஆமாம்டா, பெரிய ஊருதான் என்றேன். வேறு என்ன சொல்லட்டும் ரோசான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா, எங்கே அவன் என்று கோணிய வாயால் கேட்டார். நியூயார்க்ல பெரிய வேலை, லீவு கெடைக்கல என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷத்தில். டென்னி இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுகிறான், லாஸ் ஏஞ்சல்ஸ் வெயிலில் நின்றுகொண்டு. அங்க குளுருதாடா என்று அப்பா கேட்கிறார், குளுருதுப்பா என்கிறான் அவன். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதையும் கேள். பத்து நாளாக அப்பா மாடிப்படி ஏறிப் பழகுகிறார். பயிற்சி கொடுக்க வருகிற நர்ஸ் அதிசயப்படுகிறாள், இப்படித் தேறுவார் என்று டாக்டரே நினைக்கவில்லையாம். வசந்தத்தில் நியூயார்க் போக வேண்டுமாம், அங்க பூமிக்கு அடியில ஓடுற ரயிலுக்கு நெறையப் படி எறங்கணும் அல்பினா, நான் விழுந்து அவனுக்கு அவமானம் ஆயிடக் கூடாது என்கிறார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுகிறார், நான் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். சொல்லாவிட்டால் வசந்தம் வந்துவிடும்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை மகளே, உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. டென்னிக்கும் இரண்டு வரி எழுது, சொபீப் கடை முகவரிக்கே போடலாம், தனியாக ஒரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். திட்டி எழுதாதே, ஊர்களைப் பற்றி எதுவும் எழுதாதே. இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிடு. கர்த்தர் உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் காக்கட்டும், சுகமாகப் பெற்றெடுத்தாய் என்ற சேதி என் காதில் விழட்டும். பதிலை ஓல்கா சித்தி வீட்டு முகவரிக்கு அனுப்பு, இங்கே அப்பாவே தபால் பெட்டி வரை இறங்கிப் போக ஆரம்பித்துவிட்டார்.

உன்னை நினைத்துக்கொண்டேயிருக்கும் அம்மா,
அல்பினா