சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்

அம்மா,

போனில் சொல்ல முடியவில்லை. உங்கள் மருமகன் கெத்தின் பக்கத்திலேயே இருந்தார். இப்போது அவருக்குத் தமிழ் நன்றாக விளங்குகிறது.

ரக்பி ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடிபடுவது இது மூன்றாவது முறை. ஆனாலும் கிளப் டாக்டர் வைத்த ஞாபகப் பரிசோதனையில் தேறிவிட்டார். சனிக்கிழமை நன்றாக ஆடினால் வேல்ஸ் அணிக்கு மறுபடியும் எடுப்பார்களாம்.

எப்படித் தேறினீர்கள் என்று கேட்டேன். சீசன் தொடங்குமுன் எல்லோருக்கும் ஒரு பரிசோதனை உண்டு. அடிபட்ட பிறகு அதோடுதான் ஒப்பிடுவார்கள். அதில் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லி வைத்தாராம்.

"நான் முந்தியே மொக்கன் எண்டு பதிஞ்சு வச்சிருக்கிறன். இனி என்ன பயம்?"

உங்களிடம் பழகிய தமிழ்தான்.

நேற்று விம்பிள்டன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும், "எங்கட வீடு எந்தப் பக்கம்?" என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

களைத்துப்போனேன், அம்மா. அவர் தூங்கும்போதும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாளை காலை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அதன்பின் அவர் என்னோடு பேசமாட்டார். உங்களிடம்தான் வருவார். சோறு போட்டுக் கொடுங்கள். என்னைப் பற்றி என்ன சொல்லித் திட்டினாலும் எனக்காகப் பேசாதீர்கள். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருங்கள்.

உங்கள் மகள்