எலுமிச்சை பக்கத்து வீட்டில் இருக்கிறது

அன்புள்ள ஷஹ்லோவுக்கு,

உனக்கு உடம்பும் மனசும் சுகமாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே உன் அப்பா நலம், நான் நலம், கோழிகள்கூட நலம். மலோஹத் அக்காவின் மகன் வியாழக்கிழமை கொரியா திரும்புகிறான், அவனிடம் உலர்ந்த பாதாமிப் பழத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதி கேட்டதும் பதறுவாய், எனக்கும் போனில் கோர்வையாகப் பேச வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் எலுமிச்சை பத்திரமாக இருக்கிறது, ஒரு கிளைகூட ஒடியவில்லை. ஆனால் அது நம் வீட்டில் இல்லை.

இந்த வருடம் நம் மார்கிலான் ஊரில் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. அத்தி மரங்களைப் பனி தாக்காதபடி வளைத்துக் கட்டி மண் போட்டு மூடிவிட்டோம், ஜெரேனியம் தொட்டிகள் எல்லா ஜன்னலிலும் ஏறிவிட்டன, ரைஹான் துளசியை ஒரு பழைய வாளியில் வைத்து அடுப்படிக்குக் கொண்டு வந்தேன், குழம்புக்குக் கிள்ளிப் போடும்போதெல்லாம் கோடை மணக்கிறது. எலுமிச்சையை மட்டும் வெயில் காயட்டும் காயட்டும் என்று கடைசிவரை முற்றத்திலேயே விட்டுவைத்தோம். பத்து நாளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் இன்றிரவு உறைபனி என்று சொன்னதும் உன் சித்தப்பாமார் இருவரையும் கூப்பிட்டு, தொட்டிக்கு அடியில் கம்பு கொடுத்துத் தூக்கினார் உன் அப்பா. கிளைகளை நான் பழைய போர்வையால் சுற்றிக் கட்டியிருந்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கோடையில் அவர் ஆசை ஆசையாய்ப் போட்ட பிளாஸ்டிக் கதவு பழைய கதவைவிட ஒடுக்கம். தொட்டி நுழைகிறது, மரத்தின் இரண்டு தடித்த கவைகள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், உன் சின்னச் சித்தப்பா மரத்துக்கும் நிலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, முதல்ல என்னை வெளியே எடுங்கப்பா என்று கத்தினார். கதவைக் கழற்றலாமே என்றேன். ஒரு மரத்துக்காக யாராவது புதுக் கதவைப் பேர்ப்பாங்களா என்று உன் அப்பா ரம்பத்தை எடுத்து வந்துவிட்டார், ஒரு பக்கத்தை எடுத்துடலாம், வசந்தத்துல தானா தழைச்சுக்கும் என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை, தழைக்கவும் செய்யலாம். ஆனால் உன் அம்மா நட்டு நீ வளர்த்த மரம் அது. விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கிளைகூட ஒடியாம உள்ளே கொண்டு போயிடுங்க அக்கா என்று நீ சொன்னாய், நானும் சரி என்றேன். அதனால் ரம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன், அவளைக் கேட்காம வெட்டக் கூடாது என்றேன். உனக்கு போன் போட்டால் நீ எடுக்கவில்லை, பகுதி நேர வேலையில் இருந்திருப்பாய். வெயில் வேறு இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எர்காஷ் அண்ணனின் குரல், ஊசி முனைக் காத்துகூட நுழையாத கதவுன்னு ஊரெல்லாம் பெருமை பேசினீங்களே, அதுல மரம் எப்படிய்யா நுழையும் என்று. வாய்க்கால் தண்ணீர் முறைத் தகராறுக்குப் பிறகு, வசந்தத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா பல்லைக் கடித்தார். எனக்கு மட்டும் அவர் வீட்டு இரட்டைக் கதவு ஞாபகத்துக்கு வந்தது.

நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து யார் வாசலிலும் போய் ஒன்று கேட்டு நின்றதில்லை. அன்றைக்குப் போனேன். குளிர் முடியும்வரை உங்கள் கண்ணாடித் தாழ்வாரத்தில் அந்த மரத்துக்கு இடம் வேண்டும் என்றேன். ஏன், உங்க வீட்டுக்காரர் வாய்க்கும் பிளாஸ்டிக் கதவு போட்டுட்டாரா, அவர் வந்து கேட்க மாட்டாரா, மரம் யாரோடது, அவரோடதா என்று எர்காஷ் அண்ணன் கேட்டார். என் மகளோடது என்றேன். அவர் மனைவி ஹோஜர் அக்கா சிரித்துவிட்டார், ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா அக்கா தங்கச்சின்னுதானே சொல்லுவாங்க என்றார். எர்காஷ் அண்ணன் சிரிக்கவில்லை. அந்தப் பொண்ணோட மரம்னா கொண்டு வாங்க, அவரோடதா இருந்தா அங்கேயே நின்னு விறைக்கட்டும்னு விட்டிருப்பேன் என்று சொல்லிவிட்டு இரண்டு கதவையும் அகலத் திறந்தார்.

முதல் இரண்டு நாள் உன் அப்பா அந்தப் பக்கமே போகவில்லை, தண்ணீர்ச் செம்பை என் கையில்தான் கொடுத்தனுப்பினார். பிறகு, நீ நிறைய ஊத்திடுவ, வேர் அழுகிடும் என்று தானே கிளம்பினார். இப்போது மண்ணைத் தொட்டுப் பார்க்கப் போகிறவர் தேநீர் ஆறும்வரை திரும்புவதில்லை. வந்ததும் எர்காஷுக்கு எலுமிச்சையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று திட்டுகிறார், மறுநாள் அதே நேரத்துக்குத் தொப்பியைத் தேடுகிறார்.

நீ தலை ஈரத்தோடு வெளியே போகாதே. விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்றாலும் காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. பாதாமியை எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடாமல் உனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள். இறைவன் உன்னைத் தன் காவலில் வைத்து, படிப்பு முடித்து முகம் வாடாமல் வீடு சேர்க்கட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. கிளையை வெட்ட உன்னைக் கேட்க வேண்டும் என்று நின்ற நான், அடுத்த வீட்டு வாசலில் உன்னை மகள் என்று சொல்லும்போது உன்னைக் கேட்கவில்லை. யோசிக்காமல் வந்த சொல். நீ என்னை அக்கா என்றே கூப்பிடு, அது எனக்குப் பிடிக்கும். நான் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுது, கோபிக்க மாட்டேன். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
முஹய்யோ