ஓட்டுக்காகப் போட்ட பூட்ஸ்

ஞாயிறு ராத்திரி, கூலாய்

என் மக டிவி பாட்டுப் போட்டியில ஜெயிச்சு ஒரு வாரமாச்சு. எனக்கு இன்னும் யார்கிட்டயும் பெருமையா சொல்லிக்க முடியல.

கடைசிச் சுற்றுக்கு முன்னாடி டிவிக்காரங்க எங்க குடும்பத்தைப் படம் பிடிக்க வந்தாங்க. "கஷ்டப்பட்ட குடும்பமா காட்டுனாதான் ஓட்டு விழும்லா அக்கா"ன்னான் கேமராக்காரன். அவ நல்லாத்தானே பாடுறா, அது பத்தாதான்னு கேட்டேன். யார் காதுலயும் ஏறல. என் வீட்டுக்காரர் யார்கிட்டயோ பூட்ஸ் இரவல் வாங்கி மாட்டிக்கிட்டு, எண்ணெய் எடுக்குற செம்பனைத் தோட்டத்துல கூலி ஆள் மாதிரி போய் நின்னாரு. செனாய் ஃபேக்டரியில குளுகுளு ஏர்கோன் ரூம்ல உக்காந்து சூப்பர்வைசர் வேலை பாக்குற மனுஷன்! கேமரா முன்னாடி கண்ணை வேற தொடச்சிக்கிட்டாரு. ஓட்டு கொட்டுச்சு.

இன்னைக்குச் சாயங்காலம் லாபிஸ்லேருந்து ஒரு அம்மா பஸ் ஏறி எங்களைத் தேடி வந்துட்டாங்க. கையில ஒரு அரிசி மூட்டை, பால்மாவு டின். கேட்டுலயே நின்னு, "நாங்களும் தோட்டத்து ஆளுங்கதான்மா. டிவியில உங்க வீட்டுக்காரரைப் பாத்ததுலேருந்து மனசு கேக்கல"ன்னாங்க. பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

கூசிப் போச்சு. உண்மையைச் சொல்லிடலாம்னு வாயெடுத்தேன்.

அதுக்குள்ள, உள்ள உக்காந்திருந்த இவர் பின்பக்கமா சுத்திக்கிட்டு வந்தாரு, அரிசியை வாங்கிக்க. கால்ல அந்த இரவல் பூட்ஸ்.