இடிக்கப்பட்ட பள்ளிக்கூடத்தின் அடுப்புக் கதவு

அக்டோபர் 11, வெள்ளி

உறுதியான செய்தி: கல்மசாரி இசைக்குழுவின் புதிய ஆல்பம் இன்று வெளியாகிவிட்டது. ஆதாரம்: பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் உட்காரும் கிர்சி. இசை விமர்சனம் அவள் பிரிவு. நகராட்சியும் நீதிமன்றமும் என்னுடையவை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "உன் பழைய ஆளுங்க நல்லாத்தான் பண்ணியிருக்காங்க இல்போ. டிரம்ஸ் பிரமாதம்," என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. காபி எடுக்கப் போய்விட்டாள்.

அந்தக் குழுவில் இருபத்திரண்டு வருடம் டிரம்ஸ் வாசித்தவன் நான். ஒரு குறுஞ்செய்தியில் வெளியே போனவன். "கோவிச்சுக்காத, உன் வேகம் போயிருச்சு" என்று தபானி அனுப்பியிருந்தான். கிதார் வாசிப்பவன், குழுவை நடத்துபவன். போன வருட நடுக்கோடை விழாவுக்கு மறுநாள். ஒரு வாரம் பதில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் "சரி" என்று அனுப்பினேன்.

என் இடத்துக்கு வந்திருப்பது ஹில்லா என்ற பெண். முப்பது வயதிருக்கும். பகலில் நகராட்சியின் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறாளாம். பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆல்பத்தைக் கேட்கப் போவதில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

கேட்டேன்.

முதலில் தெரிவது சத்தத்தின் அளவு. கிதார், குரல், டிரம்ஸ் எல்லாம் கூரையில் தலை இடிக்க நிற்கின்றன. எதுவும் முன்னால் வருவதில்லை, எதுவும் பின்னால் போவதில்லை. மெதுவாகத் தொடங்க வேண்டிய ஐந்தாவது பாட்டும் முதல் நொடியிலேயே முகத்துக்கு நேராக வந்து நிற்கிறது. ஒலிப்பதிவும் ஒலிக்கலவையும் சௌலி. எங்கள் எல்லா ஆல்பங்களையும் செய்தவன். முன்பெல்லாம் இப்படிச் செய்ய மாட்டான். மூன்று பாட்டுக்குள் என் காது களைத்துவிட்டது.

நிறுத்தப் போனபோதுதான் அந்த ஐந்தாவது பாட்டில் அதைக் கேட்டேன். பெரிய டாம் மேளத்தின் மீது ஒரு பலத்த அடி. அதன் வாலில், இரும்பு மேல் இரும்பு பட்டதுபோல், சின்னதாக ஒரு டிங்.

அடுப்புக் கதவு.

ஆறு வருடத்துக்கு முன்னால், எங்கள் போன ஆல்பத்தைக் கீமின்கியில் ஆற்றோரம் இருந்த பழைய பள்ளிக்கூடத்தில் பதிவுசெய்தோம். கூடத்தின் மூலையில், குளிருக்கு விறகெரிக்கும் ஆள் உயர இரும்பு அடுப்பு. பெரிய டாமைப் பலமாக அடித்தால் அதன் கதவு அதிரும். சௌலி துணி திணித்துப் பார்த்தான், டேப் ஒட்டிப் பார்த்தான். "விடு, அதுவும் ஒரு உறுப்பினர்தான்," என்று கடைசியில் விட்டுவிட்டான். அந்த ஆல்பத்தில் கதவு சில அடிக்கு அதிரும், சிலதற்கு அதிராது. எனக்குக் கை எப்படி வந்ததோ அப்படி.

இந்த ஆல்பத்தில் ஒவ்வொரு முறையும் அதிர்கிறது. ஒரே அளவில், ஒரே இடைவெளியில். நிறுத்தி நிறுத்திச் சோதித்தேன். பாட்டு மாறினாலும் டிங் மாறவில்லை.

சரி, தெரிந்ததை வரிசையாக வைக்கிறேன். புதிய ஆல்பம் பதிவானது போன கோடையில், சௌலியின் நிலத்தடி அறையில். அங்கே அடுப்பு இல்லை. பள்ளிக்கூடத்தைப் பூஞ்சை பிடித்துவிட்டதென்று போன வருடம் வசந்தத்தில் இடித்துவிட்டார்கள். அந்தச் செய்தியை எழுதியதே நான். மூன்றாம் பக்கம், படத்துடன்.

இடித்த கட்டடத்தின் அடுப்பு எப்படி அதிரும்?

எனக்குத் தெரியும். பதிவின் முதல் காலையில் சௌலி என்னை ஒவ்வொரு மேளத்தையும் தனித்தனியாக அடிக்கச் சொல்லிப் பதிவுசெய்தான். மெதுவாக, கொஞ்சம் பலமாக, முழு பலத்தில். ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஓசை அடங்கும் வரை அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். "ஒலி அளவு பார்க்கத்தான்," என்றான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். யாரும் கேள்வி கேட்பதில்லை.

அப்படியானால் இந்த ஆல்பத்தில் கேட்பது என் அடி. அந்தப் பெண் வாசிக்கவே இல்லையா? கணினியில் உட்கார்ந்து கட்டம் கட்டமாக அடுக்கிவிட்டார்களா?

அக்டோபர் 16, புதன்

கிர்சியின் விமர்சனம் வந்தது. நான்கு நட்சத்திரம். ஒரு வாக்கியத்தை மட்டும் இங்கே பதிகிறேன்: "களைத்துப்போன பழைய கைகள் விலகியதும், ஒவ்வொரு அடியிலும் புதிய ரத்தம் ஓடுகிறது."

களைத்த கையும் நான். புதிய ரத்தமும் நான். சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

பேருந்து நிறுத்தங்களை மாற்றுவது பற்றிச் செய்தி எழுதினேன். எழுதியதில் ஒரு வார்த்தைகூட மனதில் இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

சௌலியிடம் பேசினேன். மறைப்பான் என்று நினைத்தேன். மறைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

"ஆமா, உன்னுதுதான். நல்ல அடிடா அது. சும்மா கெடக்குறத எடுத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேட்கல."

ஹில்லா வாசித்தாளா என்று கேட்டேன். முழுவதும் வாசித்தாளாம். அவள் அடித்த இடத்திலெல்லாம் அவள் ஓசையை எடுத்துவிட்டு என் ஓசையை வைத்திருக்கிறான். நிலத்தடி அறையில் கூரை தாழ்வு, மேளம் தகர டப்பா மாதிரி கேட்டதாம். தபானிக்கு அந்தப் பள்ளிக்கூடத்து ஓசைதான் வேண்டுமாம்.

ஆளை வேண்டாம் என்றவனுக்கு ஆளின் ஓசை வேண்டும்.

நவம்பர் 2, சனி

புனிதர்கள் நாள். அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கின் காபிக் கடையில் தபானியைப் பார்த்தேன். ஏலக்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே பேசினான். எனக்கு வேண்டியது பணம் இல்லை, ஆல்பத்தின் உறையில் என் பெயர் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"ஒரு சத்தத்துக்கு யாராவது பேரு போடுவாங்களாடா? அப்ப அந்த அடுப்புக்கும் போடணும்."

"போடு. அதுக்காவது வேகம் குறையல."

பன்னைக் கீழே வைத்தான். "நீ இன்னும் அதையே புடிச்சிட்டிருக்க."

"நீ இன்னும் என் கையையே புடிச்சிட்டிருக்க."

பக்கத்து மேசை லாரி ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். தபானி குரலைத் தாழ்த்தினான். வசந்தத்தில் ஆல்பத்தைப் பெரிய இசைத்தட்டாக மறுபடி வெளியிடப் போகிறார்களாம். உறை புதிது. இசை நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கிறானாம். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டினான், ஏதோ எனக்கு நல்லது செய்துவிட்டவன் மாதிரி.

நவம்பர் 20, புதன்

பதில் இல்லை.

டிசம்பர் 6, வெள்ளி

நாட்டின் சுதந்திர தினம். வழக்கப்படி ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி. தபானியிடமிருந்து செய்தி: புதிய உறையின் உள்பக்கத்தில், நன்றிப் பட்டியலுக்கு மேலே, 'டிரம்ஸ் ஒலி: இல்போ' என்று ஒரு வரி. நிறுவனம் ஒப்புக்கொண்டுவிட்டது. "இப்ப சந்தோஷமா?" என்று கேட்டிருந்தான்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. அது எந்த அளவு எழுத்தில் வரும் என்று கேட்டேன். கேட்டதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 15, புதன்

மதியம் வரவேற்பிலிருந்து அழைத்தார்கள். "இல்போ, உங்களப் பார்க்க ஒரு பனி வண்டி வந்திருக்கு." வாசலில் மஞ்சள் விளக்கு சுழல நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண். ஹில்லாதான் என்று வண்டியை வைத்தே புரிந்துகொண்டேன். உள்ளே வர மாட்டேன் என்றாள். வண்டியை அங்கே நிறுத்தக்கூடாதாம், நான் ஏறிக்கொண்டால் தெரு தெருவாகப் பனியை வழித்துக்கொண்டே பேசலாமாம். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஏறினேன்.

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அது உங்க டிரம்ஸ்தானே?"

"ஆமா. எப்படித் தெரிஞ்சுது?"

"பழைய ஆல்பத்துல டிங்னு ஒன்னு வரும்ல. எத்தன தடவ கேட்டிருப்பேன். என்னன்னுதான் தெரியாது."

"அடுப்புக் கதவு."

"அடுப்பா?" சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "நான் மூணு வாரம் அந்த நிலத்தடியில உக்காந்து அடிச்சேங்க. ஆல்பம் வந்ததும் எங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டுறேன், பாதியில நிறுத்திட்டேன். அது நான் இல்ல. எல்லாரும் பாராட்டுறாங்க. ஒவ்வொருத்தருக்கும் நன்றி சொல்லிட்டு வீட்டுக்கு வந்து சும்மா உக்காந்திருப்பேன்."

தபானியிடம் கேட்டாளாம். "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க, பாப்பா" என்றானாம். 'பாப்பா' என்று சொன்ன இடத்தில் பனி வழிக்கும் பலகையை ஓங்கி இறக்கினாள். யாருடைய வீட்டு வாசலிலோ ஒரு பனிமலை நின்றுவிட்டது.

உறையில் என் பெயர் வரப்போவதைச் சொன்னேன். அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அடுத்த தெருவுக்குள் வண்டியைத் திருப்பினாள். "உறையில ரெண்டு பேர் பேரும் இருக்கும். பாட்டுல ரெண்டு பேருமே இருக்க மாட்டோம்."

பிறகு போனை வண்டியின் ஒலிபெருக்கியில் இணைத்தாள். பயிற்சிக்காகக் கேட்டு வாங்கி வைத்திருந்த, மெருகேற்றாத முதல் கலவை. சௌலி கை வைப்பதற்கு முந்தையது. ஐந்தாவது பாட்டு.

அவன் சொன்னது சரிதான், தகர டப்பா மாதிரிதான் இருந்தது. அறை சின்னது என்று கேட்ட உடனே தெரிகிறது. அதோடு இன்னொன்றும் கேட்டது. பெரிய அடிகளுக்கு நடுவே, ஸ்நேர் மேளத்தின் மீது மிக மெல்லிய தொடுகைகள். யோசிக்கும்போது விரல்கள் மேசையைத் தட்டுமே, அப்படி. பல்லவிக்கு முன்னால் ஒரு இம்மி பின்வாங்குகிறாள். கிதாரும் குரலும் அவளுக்காக நிற்கின்றன. பிறகு எல்லாரும் சேர்ந்து விழுகிறார்கள்.

வெளிவந்த ஆல்பத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. ஓசை மாற்றும் கணினி, ஒரு அளவுக்குக் கீழே உள்ள அடியை அடியாகவே எடுத்துக்கொள்வதில்லை. மேலே உள்ளது எல்லாவற்றுக்கும் என் முழு பலத்து அடியை வைத்துவிடுகிறது. பின்வாங்கியதையும் இழுத்து நேர்க்கோட்டில் நிறுத்திவிட்டது. அவளுடைய மெல்லிய அடிகளைத் தின்றது என் அடிதான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்த ஐந்தாவது பாட்டை என்னால் அப்படி வாசிக்க முடியாது. இப்போது என்று இல்லை. முப்பது வயதிலும் முடிந்திருக்காது.

அலுவலக வாசலில் இறக்கிவிட்டாள். "எதுக்கு என்னத் தேடி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வேற யாருக்கு இது புரியும், சொல்லுங்க."

ஜனவரி 16, வியாழன்

கிர்சி எப்போதும் போல ஹெட்போனுடன் உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லி? திருத்தம் போடுவாள், இரண்டு வரி, ஏழாம் பக்கத்தில்.

ஜனவரி 20, திங்கள்

தபானியை அழைத்தேன். என் பெயர் வேண்டாம், என் ஓசையையும் எடுத்துவிடு, ஹில்லா வாசித்ததை வைத்து இசைத்தட்டுக்குப் புதிதாகக் கலக்கச் சொல் என்றேன். பின்னணியில் அவன் வீட்டு நாய் குரைத்தது.

"பேரு வேணும்னு உயிர எடுத்த. வாங்கிக் குடுத்தேன். இப்ப வேணாங்கிற. உனக்கு என்னதான்டா வேணும்?"

"அதுலருந்து வெளிய போகணும்."

"நீ போயி ஒன்றரை வருஷம் ஆச்சு."

"இன்னும் போகலடா."

"அவ அடிச்சது தகரம் மாதிரி இருக்கு, இல்போ. யாரு வாங்குவா?"

"அது அவளோட தகரம்."

வைத்துவிட்டான். ஒரு மணி நேரத்தில் நிறுவனத்துக்கு நானே எழுதினேன். என் ஓசையைப் பயன்படுத்த என் ஒப்புதல் கேட்கப்படவில்லை, இசைத்தட்டுக்கு நான் ஒப்புதல் தரவும் போவதில்லை. இரண்டே வாக்கியம். ஹில்லாவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். "சரிங்க" என்று மட்டும் பதில் வந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

நிறுவனத்தின் பதில் இன்று காலை வந்தது. ஹில்லாவின் டிரம்ஸ் தனிப் பதிவுகள் கிடைத்தால் புதுக் கலவையில் இசைத்தட்டு வரும். இல்லையென்றால் அந்த வெளியீடே கைவிடப்படும். கடையில் இருப்பது இருக்கிறபடியே விற்கும். இந்த வார இறுதிக்குள் தெரிய வேண்டுமாம்.

அவள் போனில் இருப்பது எல்லாம் ஒன்றாகக் கலந்த கோப்பு. அதிலிருந்து டிரம்ஸைப் பிரிக்க முடியாது. சௌலியை அழைத்தேன்.

"பழைய டிஸ்க்ல இருக்கலாம்," என்றான். "எடம் பத்தலன்னு டிசம்பர்ல கொஞ்சம் அழிச்சேன்."

"எத அழிச்ச?"

"பார்க்கணும். டிஸ்க் கோடை வீட்டுல இருக்கு. வெள்ளிக்கிழமை போறேன்."

"என்னோடது?"

"என்னோடதுன்னா?"

"நான் தனித்தனியா அடிச்சது."

"அது இங்கயே இருக்கு. மூணு எடத்துல வச்சிருக்கேன். அத எப்படிடா அழிப்பேன்?" பெருமையாகத்தான் சொன்னான்.

மாலையில் ஹில்லா, "தெரிஞ்சுதா?" என்று கேட்டிருந்தாள். வெளியே காலையிலிருந்து பனி. அவள் வண்டி எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும்.

உறுதியானது: என் அடிகள் பத்திரமாக இருக்கின்றன. ஆதாரம்: சௌலி.

உறுதியாகாதது: அவள் வாசித்த ஒன்பது பாட்டு.

"வெள்ளிக்கிழமை" என்று அவளுக்குப் பதில் அனுப்பினேன்.