இரண்டு தொட்டி வெள்ளம்

மாசி 14, வியாழன்

காலை எட்டுக்கே வெயில். காற்றே இல்லை. காயப்போட்ட வடகத்தின் மேல் சிமெண்டுத் தூசி. தட்டி எடுத்தேன், போகவில்லை.

பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ். போன மாதம் கீழ்த்தெருவில் கூரை பற்றியதிலிருந்து இதே பேச்சு. கீற்றுக் கூரை போட்ட வீடு, உள்ளே அடுப்பு எரிந்தால் இதெல்லாம் வேண்டும் என்று சட்டம். வாளையார் கேரளப் பக்கம், எல்லாம் மலையாளத்தில். எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். பக்கத்து வீட்டுக் கல்யாணி வாசித்துச் சொன்னாள்:

1. தீ மணி ஒன்று. அடித்தால் தெருக்கோடி வரை கேட்க வேண்டும்.
2. ரெண்டு தொட்டி வெள்ளம். (தண்ணீரைத்தான் வெள்ளம் என்கிறார்கள்.)
3. மணல் ஒரு குவியல்.

பங்குனி முடிவதற்குள். இல்லாவிட்டால் அடுப்படிக்குப் பூட்டு. எமர்ஜென்சி, எதிர்த்துப் பேச ஆளில்லை.

எங்கள் அடுப்படி என்றால் மெஸ். லாரிக்காரர்கள் பதினெட்டுப் பேர் மத்தியானச் சாப்பாடு. பூட்டினால் முடிந்தது கதை.

மாசி 17, ஞாயிறு

வீட்டுக்காரர் எர்ணாகுளம் லோடு இறக்கிவிட்டு வந்தார். ரசம், அப்பளம். சொன்னேன்.

"தொட்டி ஒண்ணு கட்டுனாப் பத்தாதா புள்ள?"

"ரெண்டுன்னு போட்டிருக்குதுங்க."

இடம் எங்கே? பின்னால் முருங்கை நிற்கும் இடம்தான். வேறு இல்லை. "மரம் போனா வெச்சுக்கலாம், அடுப்பு போனா?" என்றார். சரிதான். அவர் வெட்டும்போது நான் வெளியே வரவில்லை. கல்யாணமாகி வந்த வருஷம் வைத்த மரம். சத்தம் மட்டும் கேட்டது.

மாசி 22, வெள்ளி

நாள் முழுக்க வாசலில் சிமெண்டு லாரி. என் வடகத்தில் சிமெண்டு. என் தலைமுடியில் சிமெண்டு. ஆனால் மூன்று மூட்டை வாங்க பெர்மிட்டு. பாலக்காட்டுக்கு இரண்டு தடவை பஸ். முதல் தடவை ஃபாரம் தப்பு. இரண்டாம் தடவை கிடைத்தது. செருப்பு வார் அறுந்து வெறுங்காலோடு வந்தேன்.

தொட்டிச் செலவுக்குத் தோடு அடகுக்குப் போய்விட்டது. காதில் வேப்பங்குச்சி. யாரும் கேட்கவில்லை, நல்லது.

மாசி 27, புதன்

கொத்தனார் வேலை பாதி. பஞ்சாயத்துக் குமஸ்தா வந்தார். நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். மழையோ வெயிலோ, கையில் குடை. இங்கே எழுதும்போது குடை என்றே எழுதுகிறேன். பெயர் எழுதினால் மை வீண்.

குடை தொட்டிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "நல்ல உறப்பு" என்றார், நல்ல உறுதியாம். ஒரு டீ, இரண்டு போண்டா. காசு தரவில்லை, நானும் கேட்கவில்லை. நோட்டீஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தானே.

பங்குனி 5, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

இன்று சோதனை. குடை வந்தார். இரண்டு தொட்டியும் ததும்பத் ததும்ப. கிணற்றில் நீர் இருக்கும்போதே இறைத்து நிரப்பியது. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. பெருமையாகக் காட்டினேன். அவர் சுற்றிப் பார்த்தார்.

"தொட்டி எவிடெ?"

"இதா, ரெண்டும் இருக்குதுங்களே."

"இது டாங்கல்லே! ஞான் பறஞ்ஞது தொட்டி!" காற்றில் ஒரு கைப்பிடியைத் தூக்கிக் காட்டினார்.

வாளி. மலையாளத்தில் தொட்டி என்றால் வாளியாம். இரண்டு வாளி தண்ணீர். அவ்வளவுதான்!

கல்யாணி வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ சேச்சி, மெஸ்ஸுக்கு டாங்க் கெட்டுறீங்கன்னல்லே நெனச்சேன்." அவள் மேல் தப்பில்லை. ஆனால் குடை? அன்றைக்கே பார்த்தார். தட்டினார். போண்டா தின்றார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அன்னைக்குச் சொன்னா பாதிச் சுவரு என்ன பண்ணுவீங்க?" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். வீதியே பார்த்தது.

மெஸ் வாளி காட்டினேன். செல்லாதாம். சிவப்புப் பூசிய தனி வாளி, தீக்கு மட்டும்.

பழிக்குப் பழி:
- டீயில் சர்க்கரை கிடையாது.
- போண்டா, முந்தா நாளையது.
- அவர் வீட்டம்மா கறிவேப்பிலை கேட்டால் இல்லை.
- குடையில் ஓட்டை. (யோசிக்க வேண்டும்.)

இதெல்லாம் பற்றாது. முருங்கைக்கு இது பற்றாது.

பங்குனி 11, புதன்

சிவப்பு வாளி வாளையாரில் இல்லை. பாலக்காட்டிலும் இல்லை. வீதி முழுக்க வாங்கித் தீர்த்துவிட்டது. குடை வீட்டு வாசலில் முதல் ஆளாக இரண்டு தொங்குகிறது, பளபளவென்று.

மணிக்கு வீட்டுக்காரர் தண்டவாளத் துண்டு ஒன்று கொண்டுவந்து கட்டினார். இரும்புக் கம்பியால் அடித்தால் பல் கூசுகிறது. குடை தெருக்கோடியில் போய் நின்றார். நான் அடித்தேன். லாரி போயிற்று. "கேட்டில்லா." மறுபடி அடித்தேன். மறுபடி லாரி. "கேட்டில்லா." மூன்றாவது தடவை லாரி இல்லை. அப்போதும் கேட்கவில்லையாம். கையெழுத்து இல்லை.

அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சாம்பார் அடிப்பிடித்தது.

பங்குனி 20, வெள்ளி

ஊர்க் கிணற்றில் சேறு. குழாயில் மூன்று நாளாகக் காற்று. என் தொட்டிகள் நிறைந்து இருக்கின்றன. பலகை போட்டு மூடியிருக்கிறேன். கல்யாணிக்குத் தினம் ஒரு குடம். வாசலில் குடை போகும்போது பலகையை எடுத்துச் சும்மா தண்ணீரைக் கலக்கினேன். பார்த்தார். பார்க்காததுபோல் போனார்.

குடையின் மகளைப் பெண் பார்க்கச் செவ்வாய்க்கிழமை ஆள் வருகிறதாம். கேட்டால் கொடுப்பேனா? கேட்கட்டும் முதலில்.

பங்குனி 24, செவ்வாய்

கேட்கவில்லை!

மத்தியானம் மூன்று மணி. லாரிக்காரர்கள் சாப்பிட்டுப் போயாயிற்று. கொஞ்சம் கண்ணயர்ந்தேன். பின்னால் பலகை நகரும் சத்தம். எட்டிப் பார்த்தால் குடை. கையில் குடை இல்லை, இரண்டு சிவப்பு வாளி. என் தொட்டியில் முக்குகிறார்.

கத்தவில்லை. வாசலுக்குப் போனேன். கம்பியை எடுத்தேன். அடித்தேன். முருங்கைக்கு ஒன்று, தோட்டுக்கு ஒன்று, போண்டாவுக்கு இரண்டு. அதற்கப்புறம் எண்ணவில்லை.

தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தார்கள். செக்போஸ்டுப் பக்கமிருந்துகூட இரண்டு பேர். குடம், சட்டி, சாக்கு, கிடைத்ததோடு. "எங்கீங்க தீ? எங்கீங்க?" பெண் பார்க்க வந்தவர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பின்னால் தொட்டியடியில், அத்தனை பேர் முன்னால் குடை, முழங்கை வரை ஈரம்.

"தீ இல்லீங்க," என்றேன். "மணி கேக்குதான்னு பாத்தனுங்க. சாருக்குக் கேட்டுதுங்களா?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும்.

"கேட்டு," என்றார். கேட்டதாம்.

நோட்டீஸை நீட்டினேன். அங்கேயே, தொட்டிச் சுவர் மேல் வைத்து, மணி என்ற வரிக்கு நேரே கையெழுத்து. கொத்தனார் விட்டுப்போன மணல் குவியலுக்கும். தொட்டி என்ற இடத்தில் நின்றார். "தொட்டி..." என்று என் முகத்தைப் பார்த்தார்.

அவர் காலடியில் இருந்த இரண்டு சிவப்பு வாளியையும் எடுத்து என் பின்வாசல் ஆணியில் மாட்டினேன். எண்ணிக் காட்டினேன். ஒன்று, இரண்டு.

போட்டார்.

பெண் பார்க்க வந்தவர்கள் தாகத்தோடு போகக் கூடாது. குடை வீட்டுக்கு இரண்டு குடம் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். குடம் மட்டும் நாளைக்குத் திரும்பி வர வேண்டும்.