லீலாவதி வீட்டுக் குட்டை

12.6.78, திங்கள்
இன்றும் குருநாதன் வரவில்லை. நான்கு மணிக் காப்பி ஆறிப்போனது. நானே குடித்தேன். என் கணவர் போன பிறகும் அவருடைய சிநேகிதர் இந்த நேரத்துக்கு வருவதை நிறுத்தியதில்லை. பெரம்பலூர் பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் பேப்பரை நான் வாசிப்பேன். எதிரே உட்கார்ந்து கேட்பார். நான்கைந்து நாட்களாக ஆளைக் காணோம். உடம்புக்கு என்னவோ?

13.6.78
உடம்புக்கு ஒன்றுமில்லை. வாசல் பெருக்க வந்த காத்தாயி சொன்னாள்: “கம்பவுண்டரம்மா கொல்லைக்கு அந்தாண்ட குட்டை இருக்குல்ல, அதுல தூண்டி போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காருங்கம்மா. அந்தம்மா பொரி வறுத்துக் குடுக்குது. ஒரே சிரிப்பு.”
கம்பவுண்டரம்மா என்றால் லீலாவதி. கம்பவுண்டர் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. என்னைவிட இளையவள். சிரித்தால் ஈறு தெரியும்.
மீன் பிடிப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

15.6.78
கடைத்தெருவில் லீலாவதியே எதிரே வந்தாள். “அக்கா, குருநாதன் சாரு எங்க குட்டைய வுட்டு நகர மாட்டேங்குறாரு. தெனம் வந்து, ‘உத்தரவு குடுங்க, தூண்டி போடுறேன்’னு கேக்குறாரு. நல்ல மனுசன்!”
எங்க குட்டையாம். மூன்று பக்கம் கருவேல முள், நான்காவது பக்கம் அவள் கொல்லை. வழி அவள் வீட்டோடு என்பதால் குட்டையும் அவளுடையதாகிவிடுமா? ஊர்க் குட்டை என்றால் உத்தரவு வேண்டாம். உத்தரவு வேண்டாம் என்றால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம். கன்னியாஸ்திரீகளிடம் ஜியோமெட்ரி படித்தவள் நான். ஒன்றிலிருந்து ஒன்று இப்படித்தான் வரும்.
குட்டை யாருடையது என்று கண்டுபிடிக்கிறேன்.

20.6.78
தண்டோரா போட்டார்கள். மீன் பிடிக்கும் உரிமைக்குப் பஞ்சாயத்து ஏலம். ஊர் ஏரி, குளம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூவினான். வெயிலில் வாசலிலேயே நின்று கேட்டேன். அந்தக் குட்டை வரவில்லை.
அப்படியானால் ஊருடையது இல்லை. அவளுடையதுதான்.


22.6.78
பேப்பரை எனக்கு நானே வாசித்தேன். உரக்க.

27.6.78
இந்த வருடம் ஏரியை ஏலத்தில் எடுத்த கொளஞ்சியப்பன் மோட்டார் சைக்கிளில் போனான். நிறுத்தி, நேராகவே கேட்டேன்.
“அதுவாங்கம்மா? அது ஊரு குட்டைதான். யாரு வேணா எறங்கலாம். ஏலம் கேக்க ஆளு கெடையாது, அதான் தண்டோராவுல வரல. முந்தி ஒரு வருசம் நான் எடுத்து மீன்குஞ்சு வுட்டேன். அம்புட்டும் செத்து மெதந்துச்சு. எம்பொண்டாட்டி இன்னமும் அதச் சொல்லித்தான் வையுறா. அதுல இருக்கறது தவளைங்கம்மா! ஏன், நீங்க எடுக்கப் போறீங்களா?”
சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். ஊர்க் குட்டை, மீனும் இல்லை. லீலாவதிக்குச் சொந்தமானது அந்தப் பொரி மட்டும்தான்.
குருநாதனை வரச் சொல்லிக் காத்தாயியை அனுப்பினேன்.

28.6.78
வந்தார். குட்டை பொது என்றேன். மீன் கிடையாது என்றேன்.
“தெரியும் அண்ணி.”
“எது தெரியும்?”
“ரெண்டுந்தான். நீங்க வாக்கப்பட்டு வந்தவங்க. நான் இங்கயே பொறந்தவன், எனக்குத் தெரியாதா?”
“பிறகு உத்தரவு எதற்கு? தூண்டில் எதற்கு?”
டம்ளரைக் கீழே வைத்தார், சத்தம் வராமல். “இங்க வந்தா செருப்ப நேரா வுடணும். காப்பிய உறிஞ்சக் கூடாது. காலை ஆட்டக் கூடாது. பேப்பர் படிச்சு முடிச்சதும் கேள்வி கேப்பீங்க. அண்ணன் இருந்தவரைக்கும் அவரு பதில் சொல்லிடுவாரு, நான் தப்பிச்சிக்குவேன். அங்க யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல அண்ணி.”
கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

29.6.78
போகட்டுமே. பொரியைத் தின்னுக்கிட்டு அங்கயே கெடக்கட்டும். எனக்கென்ன போச்சு? நான் என்ன அடிச்சேனா, வஞ்சேனா? ஒரு மனுஷன் காப்பியை ஒழுங்கா குடிக்கணும்னு சொன்னா அது தப்பா? அவ சிரிச்சா போதும், நான்—
எழுத முடியவில்லை.

2.7.78
பேப்பர் வந்தது. பிரிக்கவில்லை.

4.7.78, செவ்வாய்
குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் முள் பக்கமாகப் போய்ப் பார்த்தேன். புடவை கிழிந்ததுதான் மிச்சம். திரும்பி லீலாவதி வாசலுக்கு வந்தேன். ஊர்க் குட்டைக்குப் போக நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.
“உள்ளே வரலாமா, லீலாவதி?”
“இதக் கேக்கணுமாக்கா? வாங்க வாங்க. சார், யாரு வந்துருக்காங்க பாருங்க!”
குருநாதன் எழுந்து, துவைக்கிற கல்லைத் துண்டால் தட்டிவிட்டார். உட்கார்ந்தேன். குட்டை நான் நினைத்ததைவிடச் சின்னது. லீலாவதி காப்பி கொடுத்தாள். அவர் உறிஞ்சிக் குடித்தார், காலையும் ஆட்டினார். நான் வேறு பக்கம் பார்த்தேன். முறுக்கை உடைத்துப் பெரிய துண்டை அவருக்குக் கொடுத்தாள். அதை மட்டும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.
“இன்னிக்காவது மாட்டுமாக்கா?” என்று கேட்டாள் லீலாவதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.
அவர் என்னைப் பார்த்தார்.
“பொறுத்துப் பார்ப்போம்” என்றேன்.
பொழுது சாயும்வரை மூன்று பேரும் தூண்டில் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவள் போட்டது காப்பியே இல்லை, வெல்லத் தண்ணீர். நாளைக்கு நம் வீட்டிலிருந்து டிகாஷன் போட்டு எடுத்துப் போக வேண்டும். மூன்று பேருக்கு.